ஒட்டாமல் வைத்த அறிக்கை

தக்கலையில் எங்கள் தெருவின் பொது ஆழ்குழாய்க் கிணற்றுக்கு நான்தான் செயலாளர். தண்ணீரில் குழந்தைகளுக்கு ஆகாத ஈயம் இருப்பதாகச் சோதனை அறிக்கை வந்தது. சட்டப்படி அதை அன்றே கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் ஒட்டியிருக்க வேண்டும். ஊர்த் திட்டுக்குப் பயந்த இந்த வீரன் அதை மடித்து ஒளித்துவிட்டு, கேன் தண்ணீர் வாங்கிக் காலைக்கூட அதில் கழுவினான்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மேரி கேட்டாள்: "என்ன அண்ணே, கேன் தண்ணி? கல்யாண வீடா?"

"வயிறு சரியில்ல மக்கா."

மாலையில் சீரகத் தண்ணீரோடு வந்தாள். "குடியுங்க. பிள்ளைக்குக் குடுக்குத மாதிரி நல்லா கொதிக்க வச்சிருக்கேன்."

கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது என்று அறிக்கையில் படித்திருந்தேன். ஓடிப்போய் ஒட்டினேன். குழந்தையை இடுப்பில் வைத்தபடி மேரி அதை வாசித்தாள்.

"இது எப்பம் வந்தது, அண்ணே?"

வேடிக்கை பேசியே பழகிய நான், அதிலிருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினேன். அந்தக் குழந்தை அழுதால் இன்றும் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன்.