நைனா என்கிற ஜெயக்கொடி அம்மா

செய்தி இன்று காலை ஏழு மணிக்கு நம் "ஞாயிறு நாலு மணி" பாட்டுக் குழுவில் வந்தது. நைனாவின் எண்ணிலிருந்தே வந்ததால்தான் குழப்பம். "அம்மா விடியற்காலையில் காலமாகிவிட்டார்கள். ஆவடி கோவில்பதாகை வீட்டில் மாலை நான்கு மணிக்கு எடுக்கிறோம்" என்று இருந்தது. உடனே நாம் என்ன செய்தோம் என்பது உங்களுக்கே தெரியும். வரிசையாக எல்லாரும் நைனாவுக்கு ஆறுதல் சொன்னோம். கரூரில் பிறந்து கரூரை விட்டு வெளியே போகாத கரையான் அண்ணா, நைனாவிடம் கற்ற சென்னைத் தமிழில், "மனச உட்றாத நைனா, நாங்கல்லாம் கீறோம்" என்று எழுதினார். மெலடி அக்கா கோயம்புத்தூரிலிருந்து அழும் முகங்களாக அனுப்பினார். நான் "தைரியமாக இருங்கள்" என்று எழுதி, பயந்து அழித்து, மறுபடியும் அதையே எழுதினேன்.

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "நான் அவங்க பையன். இது அம்மாவோட போன். நீங்க யாருக்கு ஆறுதல் சொல்றீங்கன்னு புரியல. நைனாங்கறது எங்க அம்மாவா?"

ஒரு குழுவே தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன், அதாவது பார்த்தது போல உணர்ந்தேன்.

நீங்கள் யாரும் வர முடியாத தூரத்தில் இருப்பதால் நான் போய்விட்டு வந்து எழுதுகிறேன். போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தங்கை தூங்குகிறாள். ஹாலில் அப்பா இன்னும் தூங்கவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, நீங்களும் கேட்டதில்லை. பாட்டு கேட்டுக்கொண்டே கணக்குப் போட்டதால்தான் அரையாண்டில் மதிப்பெண் குறைந்தது என்பது அப்பாவின் முடிவு. இந்தப் போன் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியது. செத்துவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பரணில் உடைந்த மிக்ஸிக்குள் வைத்திருந்தேன். சிம் கிடையாது, மாடி வீட்டு வைஃபைதான். இது அப்பா கையில் சிக்கினால் போன் மட்டும் போகாது, நீங்கள் எல்லாரும் போய்விடுவீர்கள்.

நைனாவை நாம் எப்படிக் கற்பனை செய்து வைத்திருந்தோம்! நான் குழுவுக்கு வந்த முதல் நாள் மரியாதைக்கு "காலை வணக்கம்" என்று ஒரு ரோஜாப்பூப் படம் போட்டேன். அடுத்த நொடி பதில்: "சூரியன நாங்களே பாத்துக்கறோம். நீ இன்னா பாட்டு கேட்டேன்னு சொல்லு." நான் நடுங்கிப்போய் ஒரு ஆல்பத்தின் பெயரைச் சொல்லி, "சூப்பர்" என்றேன். "பஜ்ஜியும் சூப்பர், பாட்டும் சூப்பரா? எந்த எடத்துல சூப்பர்? நிமிஷத்தோட சொல்லு." நான் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். "இன்னாடா இது, எலி மாரி எட்டிப் பாத்து ஓடிகினு கீற" என்றார். அன்றிலிருந்து நான் எலி. நைனா என்றால் தாடி, தோள்வரை முடி, கறுப்புச் சட்டை, சத்தமான ஒரு பைக். அந்த உருவத்தில் நம்மில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. மெலடி அக்காவுக்கு அந்தத் தோள்வரை முடியின் மேல் கொஞ்சம் கூடுதல் அக்கறை இருந்தது. அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள், குழுவிலேயே சொல்லிவிட்டேன்.

அடையாளங்கள் இல்லாமல் இல்லை. ஒரு ஞாயிறு நான்கு மணிக்கு எல்லாரும் ஆல்பத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். "அமுக்கு" என்று நைனா சொன்னால்தானே எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்க முடியும்? நான்கு தாண்டி ஐந்து நிமிடம் ஆகியும் அவர் சொல்லவில்லை. "நைனா, இன்னாச்சு?" என்று கரையான் அண்ணா கேட்டதற்கு, "இரு மாமே, கடுகு வெடிச்சுகினு கீது" என்று பதில் வந்தது. "பாவம், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்" என்று மெலடி அக்கா எனக்குத் தனியாக எழுதினார். அந்தக் கடுகு ஒரு குடும்பத்துக்கே வெடித்துக்கொண்டிருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஆல்பம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு குறை சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். "கொற சொல்லத் தெரியலன்னா நீ கேக்கல, தூங்கிகினு இருந்த" என்பார். இடியும் இரும்பும் மோதுவது போன்ற பாட்டுகள்தான் அவருக்கு உயிர். ஆனாலும் மெலடி அக்கா தன் முறை வந்தபோது பியானோ மட்டும் வாசிக்கும் ஒருவரின் ஆல்பத்தை வைத்தார். நைனா வெளியேறிவிடுவார் என்று கரையான் அண்ணா பந்தயமே கட்டினார். நைனா முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, "நாலாவது பாட்டுல என் கவனம் எங்கியோ போச்சு. அது பாட்டோட கொறையா, என் கொறையான்னு தெரில. அடுத்த வாரமும் இதையே வெய்யி" என்றார். அடுத்த வாரமும் வைத்தோம். "என் கொறதான்" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டார். மெலடி அக்கா அந்தச் செய்தியைப் படமெடுத்து முகப்புப் படமாக வைத்துக்கொண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

இன்று மாலை நைனாவை எடுக்கும்போது நாம் எல்லாரும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும் என்று மெலடி அக்கா சொன்னபோது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. நைனாவுக்குப் பிடித்த நார்வே இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம், முதல் நிமிடம் முழுக்க டிரம் மட்டுமே வருகிற அந்தப் பாட்டு. ஆனால் நேரம் பார்த்து "அமுக்கு" என்று சொல்ல ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும். "ஆவடிப் பக்கம் யாரு கீறீங்க?" என்று கரையான் அண்ணா கேட்டார். நான் "நான்" என்று எழுதினேன். அழிப்பதற்குள் பத்துப் பேர் பார்த்துவிட்டார்கள்.

போனைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். மாலை ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகாமல் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வாழ்க்கையில் நான் வகுப்புக்குப் போகாமல் இருந்தது அதுதான் முதல் முறை. தெருமுனையிலேயே மேளம் கேட்டது. சீருடையில் போய் நின்ற என்னைப் பார்த்து வாசலில் இருந்த ஒரு பாட்டி, "பிளவுஸ் குட்த்துருந்தியா கண்ணு? அளவு ஜாக்கெட்டு உள்ள கீது, ரெண்டு நாள் கழிச்சு வா" என்றார். அப்போதுதான் நைனா ஒரு தையல்காரர் என்பதே எனக்குத் தெரிந்தது. நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஐஸ் பெட்டிக்குள் சின்னதாக ஓர் அம்மா. மூக்குத்தி, பெரிய பொட்டு, அரக்குப் புடவை. பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. இவரா என்னை எலி என்றார், இவரா ஒரு கிதார்காரனை "தகர டப்பா" என்று திட்டினார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. ஆனால் பின்னி முன்னால் போட்டிருந்தார்கள், தோளைத் தாண்டி இடுப்புவரை இருந்தது. மெலடி அக்கா, அந்த ஒன்று மட்டும் நீங்கள் சொன்னது சரி.

அதற்குப் பிறகுதான் என்னிடம் நெட் இல்லை என்பது ஞாபகம் வந்தது. எடுக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. சாவு வீட்டில் மகனிடம் போய் எப்படிக் கேட்பது? கேட்டேன்.

"அண்ணா... வைஃபை பாஸ்வேர்டு சொல்றீங்களா?"

அவர் அழுது வீங்கிய கண்ணோடு என்னையே பார்த்தார். "யாரும்மா நீ?"

"எலி" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. காலையிலிருந்து குழுவை மேலே மேலே தள்ளிப் படித்திருக்கிறார். "நீதானா எலி? நேத்து நைட்டு கூட அம்மா எதையோ டைப் பண்ணி தனியா சிரிச்சிகினு இருந்தாங்க. கேட்டா எலி வந்துகீதுன்னாங்க. நான் பொறி வாங்கணுமான்னேன்" என்று சொல்லிவிட்டு என் போனை வாங்கி அவரே பாஸ்வேர்டைப் போட்டார். "அம்மா வெச்சது. இன்னா அர்த்தம்னு தெரியாது, எதோ கொலதெய்வம்னு நெனச்சிகினோம்." எட்டிப் பார்த்தேன். நார்வே குழுவின் டிரம்காரர் பெயர். ஒரு வகையில் அவர் நினைத்தது சரிதான் என்பதால் நான் திருத்தவில்லை.

மகன் வெளியே போனதும் மாலையோடு ஒருவர் உள்ளே வந்தார். என் அப்பா.

நைனா சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அப்பாவும் அங்கேதான், ஸ்டோரில். இது எனக்கு எங்கே தெரியும்? அப்பா மாலையைப் பெட்டியின் மேல் வைத்தார், கும்பிட்டார், திரும்பினார். என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கையில், செத்துப்போன போன் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"நீ இங்க என்ன செய்ற?"

"தூக்குங்கப்பா" என்று யாரோ வெளியிலிருந்து குரல் கொடுத்தார்கள். பெட்டியைச் சுற்றிக் கூட்டம் நெருங்கியது. அப்பாவுக்குப் பதில் சொல்வதா, உங்களுக்கு எழுதுவதா? பதினொரு பேர் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பது எனக்குத் தெரியும். ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. நைனாவைத் தூக்கினார்கள். நான் அப்பாவின் கண் முன்னாலேயே "அமுக்கு" என்று எழுதி அனுப்பினேன். எழுதிவிட்டு நானும் அமுக்கினேன்.

அவசரத்தில் இயர்போன் வயர் இழுபட்டுப் பின் கழன்றுவிட்டது.

அந்தப் பாட்டின் முதல் நிமிடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வீடே அதிர்ந்தது. நிறுத்தத் தேடினால், விரிசல் விழுந்த திரையில் அந்த இடம் மட்டும் விரலுக்கு மசியவில்லை. அழுதவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். வாசலில் மேளம் நின்றது. மேளக்காரர்களில் மூத்தவர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டார். என்னை அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னா அடி அடிக்கிறான் பாரேன்! எந்த ஏரியா செட்டும்மா இது?"

"நா... நார்வே" என்றேன்.

"அங்கயும் நம்மள மாரி ஆளு கீறானா!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்தார். பிறகு தன் சட்டி மேளத்தை எடுத்து, அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தெருமுனை திரும்பும்வரை ஜெயக்கொடி அம்மா அந்த அடியில்தான் போனார். நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை, அப்பாவும்கூட.

மேளம் தேய்ந்ததும் அப்பா மறுபடியும் கேட்டார். "அந்தம்மாவ உனக்கு எப்படித் தெரியும்?"

டியூஷன், பிளவுஸ், தோழியின் அம்மா என்று மூன்று பொய்கள் தயாராக இருந்தன. "நாங்க சேந்து பாட்டு கேப்போம்பா" என்று சொன்னேன்.

அப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். ரயில்வே கேட் மூடியிருந்தபோது முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "இத்தனை வருஷத்துல அந்தம்மா என்கிட்ட பேசினது ஒண்ணே ஒண்ணுதான். 'நூல் வரல.' அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. உங்ககிட்ட என்ன பேசும்?"

"நிறைய."

"என்னத்த?"

"டிரம் பத்தி."

ரயில் போய், கேட் திறந்து, பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்த பிறகும் அப்பா வண்டியை எடுக்கவில்லை. "டிரம் பத்தியா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு எடுத்தார்.

வீட்டில் அம்மா, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டபோது நான் சுவரோடு ஒட்டி நின்றேன். "ஸ்பெஷல் கிளாஸ்" என்று அப்பா சொன்னார். பிறகு, அம்மா அடுப்படிக்குப் போனதும், என்னிடம் தணிந்த குரலில், "காலைல போனைக் குடுத்துரு. பரீட்சை முடிஞ்சதும் வாங்கிக்கோ" என்றார். வாங்கிக்கோ என்ற அந்தச் சொல்லை நான் இதுவரை நாற்பது தடவையாவது மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன். என்றாலும் பொதுத்தேர்வு முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை விட்டுவிட்டுத்தான் நீங்கள் அமுக்க வேண்டும். நேரம் சொல்லும் வேலையைக் கரையான் அண்ணா பார்த்துக்கொள்ளட்டும். "கீறோம்" போடுவதை மட்டும் அவர் விட வேண்டாம்.

நைனாவிடமிருந்து எனக்கென்று இருப்பது ஒரே ஒரு செய்தி. போன ஞாயிறு கேட்ட ஆல்பத்தில் ஐந்தாவது பாட்டுதான் சிறந்தது என்று நேற்று அவருக்குத் தனியாக எழுதியிருந்தேன். மகன் சொன்ன அந்தச் சிரிப்பு இதற்குத்தான் இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குப் பதில் போட்டிருக்கிறார்: "தப்பு எலி. ஏன்னு நாளைக்கு சொல்றேன்."

காரணம் இனி வராது. அந்தத் தப்பை நான் வைத்துக்கொள்கிறேன். போர்வைக்குள் வந்த பிறகு அந்தப் பாட்டை மூன்று தடவை கேட்டுவிட்டேன், அவர் எந்த இடத்தைச் சொல்லியிருப்பார் என்று நிமிஷம் நிமிஷமாகத் தேடிக்கொண்டு. எனக்கு இன்னும் அதுதான் சிறந்தது.