அறந்தாங்கியில் ஹீட்டர் எதற்கு

சித்திரை வெயிலில் வேனுக்கு ஹீட்டர் வேண்டும் என்று சண்டை போட்டவள், அறந்தாங்கியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தச் சண்டையை இன்னொரு தரம் போடச் சொன்னாலும் போடுவேன்.

சவுதியிலிருந்து விடுப்பில் வந்திருந்தபோது கொடைக்கானல்காரர் ஒருவரிடம் என் கணவர் வாங்கிய வேன் அது. மலையில் ஓடிய வண்டி என்பதால் ஹீட்டர் இருந்தது. அவர் திரும்பிப் போனதும் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால், அத்தையை, அதாவது என் மாமியாரை, மூட்டு வலிக்குக் காட்டுவதிலிருந்து பள்ளிக்கூட மீட்டிங் வரைக்கும், என் கணவரின் அண்ணனுக்கு எப்போது ஒழியும் என்று பார்த்து நிற்க வேண்டும். பெரிய மாமா என்று கூப்பிடுவோம். விவசாயி, தங்கமான மனிதர். ஆனால் எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாப்பம்" என்பார். அவருடைய நாளை எந்தக் கிழமையில் வரும் என்று அவருக்கே தெரியாது.

அந்தக் கோடையில் வேனின் சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தது. பெரிய மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"இஞ்சின் போச்சும்மா. வெள்ளிக்கிழமை ஒரு ஆள வரச் சொல்லிருக்கேன். தள்ளி விட்டுருவோம்."

போனில் என் கணவர், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அத்தனை தூரத்திலிருந்து எப்படித்தான் சரியாகத் தெரிந்ததோ. வேன் போனால் நான் மறுபடியும் அந்த நாளைக்காகக் காத்திருக்க வேண்டும். மாட்டேன் என்று அப்போதே மனதுக்குள் சொல்லிவிட்டேன். வாயால் சொல்லக் காரணம்தான் கிடைக்கவில்லை.

காரணத்தைக் கொடுத்தது அத்தை. முன்சீட்டில் உட்காருகிறவர் அவர்தான். "காலுக்குக் கீழ ஈரமாவே கெடக்கு. எந்தப் புள்ளடி தண்ணிப் பாட்டிலக் கவுத்துது?" என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலையில் அந்த மிதியடியை அலச எடுத்தேன். வழுவழு என்றிருந்தது. வெளிறிய பச்சை, தித்திப்பாக ஒரு வாடை. குடிக்கிற தண்ணீர் இல்லை அது, இஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர்.

இஞ்சின் ஆறிக் கிடந்தது. போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு முன்சீட்டைத் தூக்கினேன். இஞ்சினிலிருந்து ஹீட்டருக்குக் கட்டைவிரல் தடிமனில் இரண்டு ரப்பர் ஹோஸ் போகின்றன. கொதிக்கிற தண்ணீர் ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்பும். அழுத்திப் பார்த்தேன். ஒன்று விறைத்து, வெடிப்பு விட்டிருந்தது. மற்றொன்று கனிந்த வாழைப்பழம் மாதிரி அமுங்கியது. அதன் முனையில் சைக்கிள் டியூப்பைக் கீறிச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, வாலை உள்ளே செருகியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் போர்வெல் பைப்பில் ஒழுகுகிற இடமெல்லாம் இதே மூன்று முடிச்சு, இதே வால். பெரிய மாமாவின் கை. போன வருஷம் குடுமியான்மலைக் கல்யாணத்துக்கு வேனை எடுத்துப் போனவர் அவர்தான். கிணற்றுத் தண்ணீருக்கு அந்தக் கட்டு பத்து வருஷம் தாங்கும். கொதிக்கிற தண்ணீருக்குத் தாங்குமா?

மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனேன்.

"ரெண்டையும் கழட்டிட்டு, இஞ்சின் பக்கமே ஒரு வளைவா மாட்டி அடைச்சு விட்டுர்றேங்க்கா. நம்ம ஊருக்கு எதுக்கு ஹீட்டரு?"

"வேணாண்ணே. தேவையில்ல தேவையில்லன்னு ஒவ்வொண்ணாக் கழட்டுனா, கடைசில ஸ்டியரிங்கத்தான் கையில குடுப்பீங்க. ரெண்டும் புதுசாப் போடுங்க."

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்க்கா" என்று சிரித்துக்கொண்டே போட்டார். புது ஹோஸ், புது கிளிப், பச்சைத் தண்ணீர். அந்த டியூப் துண்டை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் வாங்குகிற ஆள் வந்துவிட்டார்.

"மாமா, ஆவுடையார்கோவில் போய்ட்டு வருவோம். முள்ளு ஏறுனா வித்துருங்க. ஏறலைன்னா சாவி எங்கிட்டதான்."

"ஏம்மா, வந்தவரு முன்னாடி..."

"வந்தவருக்கு அத்தை டீ குடுப்பாங்க. நீங்க ஏறுங்க."

மாமா முன்சீட்டில் ஏறினார். "காலப் பாத்துக்கடா, அது நனையிற எடம்" என்று அத்தை வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

டியூப் துண்டை டேஷ்போர்டில் அவருக்கு எதிரே வைத்திருந்தேன். ஊர் தாண்டும் வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அன்னிக்கு அவசரத்துக்குக் கட்டுனது" என்றார் பிறகு.

"கட்டுனது தப்பில்ல மாமா. வந்து ஒரு வார்த்தை சொல்லிருக்கணும். இஞ்சின் மேல பழியப் போட்டீங்களே."

"மறந்துட்டேம்மா" என்றார். நிஜமாகவே மறந்திருந்தார், முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் மறதிக்கு என் வேனைத் தர முடியாது.

கோவில் வரைக்கும் முள் பாதியில் நின்றது. திரும்பும்போதும் அசையவில்லை. அறந்தாங்கி நெருங்கியதும் ஹீட்டரைத் திருகி முழுசாக வைத்தேன்.

"ஏம்மா! என்னத்தப் போட்ட?"

"ஹோஸ்ல தண்ணி ஓடுதான்னு பாக்கணும்ல மாமா. காலு நனையுதா?"

"நனையலம்மா, வேகுது! அணைம்மா தாயே!"

வீடு வரைக்கும் அணைக்கவில்லை. எனக்கும் வியர்த்து ஊற்றியது, பரவாயில்லை என்று ஓட்டினேன்.

மாமா இறங்கியபோது சட்டையைப் பிழியலாம் போலிருந்தது. டீ கிளாஸோடு எழுந்து வந்த ஆள், "என்னண்ணே, ஏசி இல்லையா?" என்று கேட்டார்.

மாமா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஹீட்டரு இருக்குப்பா. நல்லா வேலை செய்யுது. வண்டி விக்கிறதுக்கில்ல."