சாமி கும்பிட்ட மட்கார்ட்

என்னுடைய பழைய மோரிஸ் மைனர் காரின் இடது மட்கார்ட் இந்த மலை ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்தது. கோலாலம்பூரிலிருந்து ஃபைபர் மட்கார்ட் ஒன்றை வரவழைத்தேன். வண்டியில் பொருத்திப் பார்ப்பதற்குள், என் மனைவி அதை எஸ்டேட் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், பூசை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். புதுச் சாமான் எதுவானாலும் அவளுக்கு அப்படித்தான். போன மாதம் ரைஸ் குக்கருக்கு மாலையே விழுந்தது.

பக்கத்து ஊர் ரிங்லெட்டின் மெக்கானிக் பழையதை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை வைத்துப் பார்த்தார். ஒரு போல்ட் ஓட்டைகூடச் சேரவில்லை. விளிம்பில் விரலளவு அறுக்க வேண்டும். கிரைண்டரை எடுத்தவர் சந்தனத்தைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார்.

"சாமிக்கு வச்சதுல நான் கை வைக்க மாட்டேன் லா."

"சந்தனத்தத் துடைச்சுட்டா போச்சு!"

"அப்ப நீங்களே துடைச்சு, நீங்களே அறுங்க."

எனக்குக் கிரைண்டரைப் பிடிக்கவே தெரியாது.

இப்போது கார் வாசலில், தக்காளித் தோட்டத்துக் கிழிந்த பிளாஸ்டிக் தாளுக்கடியில் நனைகிறது. மட்கார்ட் வீட்டுக்குள், சாமி படங்களுக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சாம்பிராணி காட்டி என் மனைவி உருக்கமாக வேண்டிக்கொள்கிறாள்:

"அவரோட காடி சீக்கிரம் ஓடணும், சாமி."