காக்காவும் தாத்தாவும்

ஆறு வயதுவரை எனக்கு ‘க’ வராது. அந்த இடத்தில் ‘த’ வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அது எனக்கே தெரியாது. நான் சொன்னதெல்லாம் என் காதுக்குச் சரியாகத்தான் கேட்டது. நமுனுகுல மலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாசிக்க எழுந்தாலே பிள்ளைகள் சிரித்தார்கள். எதற்கென்று விளங்காமல் நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு வாசிப்பதை நிறுத்தினேன். கொஞ்ச நாளில் வகுப்பில் பேசுவதையும்.

டீச்சர் சொன்னதால், அம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் ஒருநாள் என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஊசிக்குப் பயந்துகொண்டே போனேன். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ், முக்காடு போட்ட சின்ன வயதுக்காரி, ஒரு காகத்தின் படத்தைக் காட்டினார்.

“இது என்ன, மகள்?”

“தாத்தா.”

“தாத்தாவா?”

“இல்ல மிஸ், தாத்தா!”

இவ்வளவு படித்தவருக்குக் காக்கா என்று சொல்லத் தெரியவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு தட்டைக் குச்சியால் என் நுனிநாக்கை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, “இப்ப சொல்லுங்க” என்றார். தொண்டைக்குள்ளிருந்து ‘க்கா’ என்று ஏதோ வந்தது. யார் பேசியது என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “மிஸ், இவ வயித்துல இருக்கயில, கிரகணத்தன்னைக்கு நான் மலைக்குப் போயி கொழுந்து கிள்ளிட்டேன். அதனாலதான் புள்ள நாக்கு இப்பிடி ஆச்சுன்னு மாமியா சொல்றாங்க. அப்பிடிங்களா?”

“அப்பிடி ஒன்டும் இல்ல. நீங்க ஒரு பிழையும் செய்யல்ல. காதும் நல்லம், நாக்கும் நல்லம். பழக்கினா சரியாப் போகும்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சத்தம் வெளியே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கண்டதையெல்லாம் எனக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். “அந்தா பாரு, அது என்னா? கட. இது? கோயிலு. சொல்லு தங்கம், ஒரு தடவ சொல்லு.”

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். நான் சொன்ன ஒரே ஒரு ‘க்கா’ அவளை அந்தப் பாடு படுத்திவிட்டது. இன்னொரு தரம் அழுவதற்கு அவள் ஏன் இப்படிக் கெஞ்சுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.