வாசல் வாசலாகப் போன கூட்டம்

ஏரம்பமூர்த்தி பஸ் கம்பனியொன்றில் நேர அட்டவணை போடுகிறவர். நியூசிலாந்தின் மேற்கு ஒக்லாந்தில் எந்த பஸ் எந்தத் தரிப்பிடத்துக்கு எப்போது வரவேண்டும் என்று விதிப்பது அவர்தான். அப்பேர்ப்பட்டவர், மாசியில் தன் குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவராகி, தானே கூட்டிய முதல் கூட்டத்துக்குத் தானே பிந்திப் போனார். வரலாறு இதை மன்னிக்கலாம். மிஸஸ் லின் மன்னிக்கவில்லை.

குடியிருப்பு என்றால், முந்தாநாள்வரை குதிரை மேய்ந்த புல்வெளியில் முளைத்த இருபத்துநாலு மாடிவீடுகள். பாதியில் சீனர், பாதியில் நம்மவர். நடுவில் ஒரு பொது மண்டபம். காலையில் அங்கே மிஸஸ் லின் தலைமையில் சீனப் பெண்கள் விசிறி பிடித்து ஆடுவார்கள். சனிக்கிழமையில் மூர்த்தியின் மனைவி சுகந்தினி பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பார். பிள்ளைகள் அந்தத் தமிழுக்கு இங்கிலீசில் நன்றி சொல்வார்கள்.

அந்த மண்டபத்துக்குத்தான் ஆபத்து. ஆண்டுக் கூட்டத்துக்குப் பதினாறு வீட்டிலிருந்தாவது ஆள் வரவேண்டும். மூன்று தரம் கூட்டியும் வராவிட்டால் நிர்வாகம் வீடு கட்டிய கம்பனியின் கைக்குப் போய்விடும். மண்டபத்தைத் தடுத்து, சாமான் போட்டுவைக்கும் அறைகளாக வாடகைக்கு விடுவோம் என்று கம்பனி ஆசையாகச் சொல்லியிருந்தது.

முதற் கூட்டம் ஆறு மணிக்கு. சீனர் அதற்கு முன்பே வந்து, கைகட்டி இருந்து, பொறுமை தீர்ந்து போய்விட்டார்கள். அவர்கள் இருந்த கதிரைச் சூடு ஆறுமுன்பே நம்மவர் வந்து அதிலேயே இருந்தார்கள். தலைவர் என்ற மரியாதைக்காக மூர்த்தி எல்லோருக்கும் கடைசியாக வந்தார். இரண்டாம் கூட்டத்தில் கொஞ்சம் முன்னேற்றம்: போகிற சீனரும் வருகிற தமிழரும் வாசலில் சந்தித்துப் புன்னகைத்துக்கொண்டார்கள்.

நம்மவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆறு மணி விழாவுக்கு ஆறு மணிக்குப் போய் நின்றால், விழா நடத்துகிறவர் என்ன நினைப்பார்? பாவம், மனிசன் இன்னும் குளித்திருக்கவும் மாட்டார்.

மூன்றாம் கூட்டத்துக்கு முன் பக்கத்து வீட்டுச் சுப்பிரமணியன் ஆலோசனை சொன்னார். கம்ப்யூட்டர்க்காரர், தஞ்சாவூர்.

"சார், நாலரைன்னு போட்டுடுங்க. நம்மாளு டாண்ணு ஆறுக்கு வந்துடுவான்."

"பொய் நேரமோ? அட்டவணை போடுறவன் நான், தம்பி!"

"அப்ப ஃபயர் அலாரத்த அழுத்திடுங்க. மொத்த ஜனமும் வெளிய நிக்கும்."

மூர்த்தி இதைக் கொஞ்சம் கூடுதலாகவே யோசித்தார். கடைசியில் பொது ஒழுக்கம் வென்றது. தீயணைப்புக்காரர் அனுப்பக்கூடிய பில்லும் ஒழுக்கத்துக்குக் கை கொடுத்தது.

பிறகுதான் மிஸஸ் லின்னிடம் போனார். செங்டு நகரத்தில் வயல்கள் ஒரே மூச்சில் முப்பது மாடிக் கட்டடங்களானபோது, குளியல்தொட்டியில் வாத்து வளர்த்த சனங்களுக்குக் குடியிருப்போர் தலைவியாக இருந்தவர் அவர். லிப்டில் துப்புகிறவர்களைத் திருத்த, ஒரு மாரிகாலம் முழுக்க லிப்டுக்குள்ளேயே கதிரை போட்டு இருந்தாராம்.

"அங்கே ஆட்கள் கூட்டத்துக்கு வராவிட்டால், கூட்டம் ஆட்களிடம் போகும்," என்றார்.

மூர்த்தி சங்க விதிகளைப் புரட்டினார். கூட்டம் 'குடியிருப்பின் எல்லைக்குள்' நடக்கவேண்டும் என்றுதான் இருந்தது. வீடுகளுக்கு நடுவே ஓடும் ஒழுங்கையும் எல்லைக்குள்தான்.

மூன்றாம் கூட்டம், ஆறு மணி. மழை. பன்னிரண்டு சீன வீடுகள், தலைவர் வீடு: பதின்மூன்று. மூர்த்தி எழுந்தார்.

"கதிரையளைத் தூக்குங்கோ!"

குடையும் கதிரையுமாகக் கூட்டம் ஒழுங்கையில் இறங்கியது. முதல் வாசலில் உஷா, ஒரு காதில் மட்டும் தோட்டோடு. "ஐயோ அண்ணை, வெளிக்கிட்டுக்கொண்டுதான் நிக்கிறன்!"

"வெளிக்கிட வேண்டாம் பிள்ளை, கூட்டம் வந்திட்டுது."

பதினாலு. சுப்பிரமணியன் பாதிக் கன்னத்தில் சவர நுரையோடு கதவைத் திறந்தார். பதினைந்து.

அடுத்த வாசலில் வசீகரன் கதவைத் திறக்கவில்லை. "இடுப்பில வெறும் சாரத்தோட நிக்கிறன் அண்ணை! சீனாக்காரருக்கு முன்னால எப்பிடி?"

"சாரத்துக்கும் ஒரு வாக்குத்தான், வாரும்!"

மிஸஸ் லின்னுக்குத் தமிழ் தெரியாது, கதவு தெரியும். அதற்கு நேரே கதிரையைப் போட்டு, குடையை விரித்து, இருந்துவிட்டார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் இருந்தார்கள். உஷாவும் இருந்தாள். மூர்த்தி குடையில்லாமல் நின்றார்.

வயதான பெண்ணொருத்தியை மழையில் இருத்திவிட்டு உள்ளே தேத்தண்ணி குடிக்க ஒரு தமிழனால் எவ்வளவு நேரம் முடியும்? கதவு திறந்தது. சாரத்தை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு வசீகரன் மறு கையைத் தூக்கினார். வரவுக் கணக்குக்குப் பதினாறு கைகள். நிர்வாகமும் மண்டபமும் சங்கத்துக்கே.

ஏழரைக்கு மற்ற வீட்டார் பட்டும் பவுனுமாக மண்டபத்துக்கு வந்தார்கள். மூர்த்தி வாசலில் நனைந்துபோய் நின்றார்.

"என்ன தலைவர், கூட்டம் முடிஞ்சுதோ?"

"ஓம், மண்டபம் எங்கடைதான்," என்று ஆளுக்கொரு துணியை நீட்டினார் மூர்த்தி. "உள்ளுக்கு வாங்கோ, கதிரையளைத் துடைச்சு அடுக்க ஆள் வேணும்."