இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஐந்து, செத்துப்போன நாத்தனாரின் பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறில் ஒன்றையும் நான் பொய் பேச விட்டதில்லை. அப்படி வளர்த்த நான்தான் மாரியம்மனை ஏமாற்றினேன்.

ஆமாம், மாரியம்மனைத்தான்! பக்கத்து வீட்டுக்காரியை அல்ல. தெமோதரைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில், கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே...

உடனே முகத்தைச் சுளிக்காதே. முழுவதையும் கேள். பிறகு சாவகாசமாகச் சுளித்துக்கொள்.

என் மூன்றாவது மகன் செல்வராசா வீட்டோடு ஒட்டிப் பட்டறை வைத்திருக்கிறான். தேயிலைத் தொழிற்சாலைகளில் உடைகிற இரும்புச் சாமான்களுக்கு மாற்றுச் சாமான் கடைந்து கொடுப்பது தொழில். கடைவது அவன் கை. விலை பேசுவது, கோபப்படுவது, சமாதானமாவது எல்லாம் என் மருமகள் ஸ்டெல்லாவின் வாய். அவர்கள் என்னோடு இருக்கிறார்கள். நான் அவர்களோடு இருப்பதாக ஊரில் சிலர் சொல்வார்கள். அவர்கள் மகள், என் பேத்தி தர்ஷினிதான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள். அவளிடம் 'அவர்கள் என்னோடு' என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கொஞ்ச காலமாகப் பட்டறைக்கு வேலை குறைந்துகொண்டு வந்தது. பல்சக்கரம் போன்ற நுணுக்கமான வேலைகளைத் தொழிற்சாலைக்காரர்கள் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அங்கே கம்ப்யூட்டர் பார்த்து வெட்டுகிறதாம். செல்வராசா வாசலில் நின்று ரோட்டையே பார்க்க ஆரம்பித்தான். ரோட்டில் என்ன இருக்கிறது? பண்டாரவளை பஸ் போகும், வரும்... அவ்வளவுதான்.

அப்போதுதான், கொழும்புப் பக்கம் மூடப்போகிற ஒரு பட்டறையில் பழைய சிஎன்சி மில்லிங் மெஷின் ஒன்று விலைக்கு இருப்பதாகச் செய்தி வந்தது. சாமானின் அளவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால், மெஷின் தானாகவே இரும்பைச் செதுக்குமாம். வயது மட்டும் என் கடைசி மகளின் வயது. புருஷனும் பெண்சாதியும் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு, வீடு வந்து சேருமுன்பே சண்டையைத் தொடங்கியிருந்தார்கள்.

"இரும்பு நல்ல இரும்புதான். ஆனா ஸ்க்ரூவுல ஆட்டம் இருக்கு. கம்ப்யூட்டரு ரொம்பப் பழசு, பச்சை எழுத்து. அது கருகிப்போச்சுன்னா சாமான் எங்க தேடுறது?" என்றான் அவன்.

"புதுசு வாங்க நீங்க என்ன தோட்டத்துத் தொரையா? ஸ்க்ரூ ஆட்டத்த இறுக்கலாம். போன வேலைய எதைப் போட்டு இறுக்குவீங்க?" என்றாள் அவள்.

எனக்கு மெஷின் தெரியாது. ஆனால் கிழட்டு மாடு வாங்கத் தெரியும். அந்த அறிவோடு நடுவில் புகுந்தேன்.

"ஏன் விக்கிறாங்களாம்? இதுவரைக்கும் எத்தனை கை மாறிச்சு? நின்னுக்கிட்டே இருக்கறப்ப மூச்சு வாங்குதா?"

என் மகன் என்ன மகன்! சிரிக்கவில்லை. "ரெண்டு கைம்மா. சூடானப்புறம் லேசா ஒரு சத்தம் வருது" என்று பதில் சொன்னான்.

"சுழி பார்க்க மறந்துட்டோம் மாமி" என்றாள் ஸ்டெல்லா.

இதுவரை எல்லாம் நல்ல பேச்சு. அடுத்ததுதான் வினை. அதை எங்கே வைப்பது? யானைக் கனம். அசையாத காங்கிரீட் தரை வேண்டும். எங்கள் மலையில் சமமான இடத்தைக் கண்ணால் காண்பதே அபூர்வம்; எங்கள் வீட்டு வளவில் அப்படி ஒரே ஓர் இடம்தான் உண்டு. செல்வராசா ஜன்னல் வழியே பின்பக்கம் பார்த்தான். ஸ்டெல்லாவும் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அங்கே என் செவலைப் பசு, கொட்டகையில் நின்றபடி எங்கள் மூன்று பேரையும் பார்த்தது.

உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த ரோட்டில் எல்லாருக்கும் நான் பால்காரம்மா! குழந்தை பிறந்த வீட்டுக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். கொட்டகை போய், மாடும் போனால் நான் யார்? செல்வராசாவின் அம்மா. மூலையில் ஒரு நாற்காலி...

இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். "என் கொட்டகையைத் தொடாதே" என்று ஒரு வார்த்தை. சொன்னேனா? இல்லை! பெற்ற பிள்ளையிடம் போய் எனக்கு இடம் விடு என்று கேட்பதா? என் வாய் கேட்குமா? அதற்குப் பதிலாகப் பெரிய மனுஷி போல, "நமக்கென்ன தெரியும்? அம்மன்கிட்ட பூப் போட்டுக் கேப்போம்" என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெளியே தெரியாமல் வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் வைக்க வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணம், வீடு, வழக்கு எல்லாவற்றுக்கும் அம்மன் பதில் சொல்லியிருக்கிறாள். மில்லிங் மெஷினைப் பற்றி அவளிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

ஸ்டெல்லா மாதா கோயிலுக்குப் போகிறவள். தடுப்பாள் என்று நினைத்தேன். "கேளுங்க மாமி. மாதாவும் அம்மனும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்களா?" என்று உடனே தலையாட்டினாள். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்!

பொட்டலம் கட்டுவது வீட்டில் மூத்தவளின் வேலை. வெள்ளிக்கிழமை பூசைக்கு, வியாழன் சாயந்தரமே உட்கார்ந்து கட்டினேன். செல்வராசா வேலையாகப் பதுளைக்குப் போயிருந்தான். மறுநாள் காலை நேராகக் கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. ஒரு பொட்டலத்தில் சிவப்பு ரோஜாவை வைத்தேன். அடுத்ததில்... அதிலும் சிவப்பு ரோஜாவையே வைத்தேன்.

கை நடுங்கியதா என்று கேட்கிறாய். நடுங்கவில்லை. அதுதான் என் வெட்கம்! நூலைக்கூட அழகாகச் சுற்றினேன். எஞ்சிய வெள்ளைச் சாமந்தியை என்ன செய்தேன் தெரியுமா? செவலைக்குப் போட்டேன். இருந்த ஒரே சாட்சியைத் தின்றுவிட்டு அது கண்ணை மூடி அசைபோட்டது.

பொட்டலங்கள் சாமித் தட்டில் இருந்தன. காலையில் நானே தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கோயில் குழாயில் கால் கழுவும்போது மட்டும் ஸ்டெல்லா வாங்கி வைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. செல்வராசா கண்ணை இறுக மூடிக் கும்பிட்டான். சிறு பிள்ளையில் ஊசி போடும்போது இப்படித்தான் மூடுவான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நானும் கையைக் கூப்பினேன். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை!

வெள்ளைச் சாமந்தி... பனி ஈரம்கூடக் காயாமல்!

"தாயே!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் பக்தி என்று நினைத்தார்கள்.

"உத்தரவு கெடச்சிருச்சுங்க அம்மா" என்றார் பூசாரி.

"அந்த... மத்தப் பொட்டலத்தையும் ஒரு தடவை பிரிங்களேன்."

"அது எப்படிங்க? சாமி பேசினப்புறம் மத்ததப் பிரிச்சா குத்தம்" என்று சொல்லி, அதைக் கோயிலோரத்து ஓடையில் விட்டார்.

மறுபடியும் கால் கழுவுகிறேன் என்று ஓடைக்கு இறங்கினேன். பொட்டலம் எனக்கு முன்னால் போய்விட்டது.

இப்போது சொல். நான் எப்படி வாயைத் திறப்பேன்? "இது நடக்காது, நான் இரண்டிலும் சிவப்புதான் வைத்தேன்" என்றா?

அம்மனே மாற்றினாள் என்றால், என் களவு அம்மனுக்குத் தெரியும். ஸ்டெல்லா மாற்றினாள் என்றால், பிரித்துப் பார்த்துத்தானே மாற்றியிருப்பாள்? அப்படியானால் ஸ்டெல்லாவுக்கும் தெரியும்! எது மேல்? நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அம்மன் கோபித்தால் ஒரு கூழ் ஊற்றிச் சமாதானம் செய்யலாம். மருமகளுக்கு எந்தக் கூழ்?

மெஷின் வந்தது. லாறி மேட்டில் ஏறவில்லை. ரோட்டிலிருந்து இரும்புக் குழாய்களின் மேல் உருட்டி ஏற்றினார்கள். "அரோகரா" சொல்லித்தான் இழுத்தார்கள். செவலைக்குக் கக்கூசுக்குப் பக்கத்துச் சரிவில் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டுக் கொடுத்தான் என் மகன். இப்போது அது முன்னங்கால் மேலேயும் பின்னங்கால் கீழேயுமாக, எங்கேயோ ஏறப்போகிற மாதிரி நிற்கிறது. பால் கறக்கிறது, முன்பு போல் இல்லை.

முதல் நாள் மெஷினை ஓட்டிக் காட்டினான். இரும்பை வெட்டும் இடத்தில் சூடு தணிய ஏதோ எண்ணெய் கலந்த தண்ணீர் ஊற்றுமாம். ஊற்றியது. வெள்ளை வெளேரென்று... பால்! என் கொட்டகையில், என் மாடு நின்ற இடத்தில், குழாய் குழாயாகப் பால் கொட்டியது! நான் ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தேன். ஸ்டெல்லா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க மாமி. உங்க அம்மன் பொய் சொல்லமாட்டா" என்றாள்.

உங்க அம்மன் பொய் சொல்லமாட்டாள். பொய் சொல்லாதது யார், சொன்னது யார்? அந்த வார்த்தையில் எத்தனை மடிப்பு இருந்தது? இன்றுவரை பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இது பாதி வாக்குமூலம். சில வாரத்தில் மெஷின் நின்றுபோனது. பச்சை எழுத்து ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டு அப்படியே நின்றது. செல்வராசா சோறும் தின்னாமல் அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தான். நான் என்ன செய்தேன்? சந்தோஷப்பட்டேன்! செவலையிடம் போய், "பொறுத்துக்க, வந்துரலாம்" என்று சொன்னேன்... பெற்ற வயிறா இது? அவன் எப்படியோ சரிசெய்தான். தொழிற்சாலை வேலைகளில் பாதி திரும்பி வந்தன. அந்த மெஷின் சில நாள் ஓடுகிறது, சில நாள் முறைத்துக்கொண்டு நிற்கிறது. நின்றால் எனக்கு இன்னமும் உள்ளுக்குள் ஒரு சின்ன இனிப்பு. அதை எந்தக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவது?

ஸ்டெல்லா ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் தேத்தண்ணிக்குக் கேட்காமலே இன்னொரு கரண்டி சீனி போடுகிறாள். திருவிழாவுக்கு நான் கேட்காமலே முற்றத்து வெள்ளைச் சாமந்தியைப் பறித்துத் தட்டில் வைக்கிறாள். அன்பா அது, அடியா? தெரிந்து வைக்கிறாளா, தெரியாமல் வைக்கிறாளா? வாங்கிக்கொள்கிறேன். வேறென்ன செய்ய?

அவ்வளவுதான் தர்ஷினி. சிரித்தது போதும். எழுதினதை முதலிலிருந்து ஒரு தடவை வாசித்துக் காட்டு.

வாசலைப் பார்த்து வாசிக்காதே. அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொள்; உங்கம்மா அங்கே தேங்காய் துருவுகிறாள். சத்தமாக வாசி. பூவைப் பற்றிச் சொல்கிற இடம் வரும்போது, துருவுகிற சத்தம் நிற்கிறதா என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.