சோடி சேர்த்த கணக்கு

என் தங்கை ஜாஸ்லினுக்குப் பிடிவாதம் ரத்தத்திலேயே ஊறியது. தாமுவே பேட்டையில் எங்கள் வீட்டில் மின்சாரம் போனால் மற்றவர்கள் விசிறியைத் தேடுவோம். அவள் மெழுகுவத்தியை ஏற்றிவைத்து டீக்கடை ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருப்பாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் விளங்க வேண்டுமாம். ரொட்டியைத் தின்னுடி, கணக்கு தானா வரும் என்பேன். கேட்டால்தானே!

பக்கத்துப் பேட்டை மிங்கலா தாங்ஞுன்டில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். இங்கே பர்மியப் பள்ளிக்கூடங்களில் பாடம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு வகுப்பே ஒரே குரலில் ஒப்பிப்பது. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் ஆறில் ஐந்து என்று எல்லா வாயும் கத்தும். அதில் எந்த வாய் வெறுமனே அசைகிறது என்று யாருக்குத் தெரியும்? ஜாஸ்லின் அதை நிறுத்தினாள். பிள்ளைகளைச் சோடி சோடியாக உட்காரவைத்தாள். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வகுப்பா சந்தைக்கடையா என்று தலைமையாசிரியை முகம் சுளித்தாராம். இவள் அசையவில்லை.

அதற்குக் காரணம் மெஹ்ரீன். கைலிக்கடை அப்துல் ரவூப் பாயின் மகள். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து பாயின் மூத்த மகன் மலேசியாவுக்கு ஓடிவிட்டான். கடைக்கு ஆள் இல்லை. இந்த வருஷம் கணக்கில் தேறினால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் கடை என்று பாய் மகளிடம் சொல்லிவிட்டார். ஜாஸ்லின் அவளை, வகுப்பிலேயே கெட்டிக்காரியான இன்ஷாவோடு சோடி சேர்த்தாள். இன்ஷா சொல்லச் சொல்ல மெஹ்ரீன் தலையாட்டுவாள். புரிந்ததா என்று ஜாஸ்லின் கேட்டால், புரிஞ்சுது சயாமா என்பாள். டீச்சரம்மாவை இங்கே பர்மிய மொழியில் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜாஸ்லின் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பாவி, அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு!

பரீட்சையில் இன்ஷா முதலாவதாக வந்தாள். வகுப்பில் பாதிக்கு மேல் முன்னேறியிருந்தது. மெஹ்ரீன் தேறவில்லை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். வருஷ ஆரம்பத்தில் போட்ட அதே தப்பு.

இன்னும் ஒரு வருஷம் படிக்க விடுங்கள் என்று பாயிடம் கெஞ்சுவதற்காக ஜாஸ்லின் கடைக்குப் புறப்பட்டாள். துணைக்கு நானும் போனேன். வாசலிலேயே மெஹ்ரீன் கைலி மடித்துக்கொண்டிருந்தாள். புரியாததை ஏம்மா என்கிட்ட சொல்லல என்று ஜாஸ்லின் கேட்டாள்.

"இன்ஷா தொண்டை வத்த வத்தச் சொல்லிக் குடுத்தா சயாமா. புரியலன்னு எப்படிச் சொல்றது? அவ மனசு நோகாதா?"

பிறத்தியார் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொள்வது இந்த ஊரில் எல்லாருக்கும் தாய்ப்பாலோடு வருவது. இங்கேயே பிறந்து வளர்ந்த என் தங்கைக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் தலையாட்டலை நம்பினாள். எங்கே, நீ திருப்பிச் சொல்லு பார்ப்போம் என்று ஒரு நாளும் மெஹ்ரீனைக் கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்தவள் படித்துக்கொண்டாள். கேட்டவள் கேட்டபடியே இருந்துவிட்டாள்.

பாய் எங்களுக்கு ஸ்டூல் போட்டு, டீ வரவழைத்தார். சயாமா தன் பிள்ளைக்காக எவ்வளவு பாடுபட்டார் என்பது தனக்குத் தெரியும் என்றார். ஓடிப்போன மகனைப் பற்றிப் பேசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாஸ்லினைப் பார்த்தார்.

"எங்க கஷ்டம் உங்களுக்குப் புரியுதில்ல சயாமா?"

கேட்க வந்தது அவள் தொண்டை வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். கேளுடி என்று அவள் காலை மிதித்தேன். மெஹ்ரீனும் மடிப்பதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாஸ்லின் டீயைக் கீழே வைத்தாள். தலையாட்டினாள்.

"புரியுது பாய்" என்றாள்.